பூட்டிய அறையும் திறந்த சாலையும்: மின்வழித் தேர்வு விளையாட்டுகளைப் பற்றி ஒரு திறனாய்வு

தேர்வு என்ற சொல்லைக் கேட்டவுடன் மனம் கலங்காத மாணவர் நம்மிடையே குறைவு. அக்கலக்கத்தைப் போக்கும் மருந்தாக மின்வழிக் கல்வியில் ஒரு புதிய வடிவம் பரிந்துரைக்கப்பட்டு வருகிறது. ஆங்கிலத்தில் ‘எஸ்கேப் ரூம்’ என வழங்கும் இதனைப் பூட்டறை விளையாட்டு என நாம் இக்கட்டுரையில் குறிப்பிடுவோம். கற்பவர் கற்பனையான ஓர் அறையில் அடைபட்டிருப்பதாகக் கதை தொடங்குகிறது. அறையில் சுவர்ப்படம், மேசை, நாட்காட்டி, இரும்புப் பெட்டி ஆகியன உள்ளன. ஒவ்வொன்றிலும் ஒரு துப்பு மறைந்திருக்கிறது. அத்துப்பைக் கொண்டு பாடத்திலிருந்து எழுப்பப்பெறும் வினாவுக்கு விடை கண்டால் பூட்டு திறந்து அடுத்த அறை தோன்றும். கடைசிப் பூட்டைத் திறந்தவர் விடுதலை பெற்றவராகிறார். அவரே தேர்ச்சி பெற்றவருமாகிறார்.

பள்ளி, கல்லூரிகளின் வளரறி மதிப்பீட்டில் இது நுழைந்துள்ளது. தொலைநிலையில் இறையியல் பயில்வோருக்கும், சபைகளில் பணிபுரிந்துகொண்டே படிப்போருக்கும் இத்தகைய தேர்வுகளை அமைக்கலாமே என்ற ஆலோசனை நம்மிடமும் எழுகின்றது. ஆகவே இதனை வெறும் கருவியாகக் கருதாது, ஒரு படைப்பாகவே எடுத்துக்கொண்டு, அது சொல்லும் கதை யாது, அது அளப்பது யாது, யாரை வெளியே விடுகிறது, யாரை உள்ளேயே வைத்துவிடுகிறது என ஆராய விழைகிறோம். நாம் அளவுகோலாகக் கொள்வது புதுக்கோட்டை மாவட்டத்தை. அதன் காரணம் போகப்போக விளங்கும்.

இவ்வடிவத்தின் பிறப்பிடம் ஜப்பான். 2004இல் தொஷிமித்சு தகாகி உருவாக்கிய ‘கிரிம்சன் ரூம்’ என்னும் கணினி விளையாட்டு, சிவப்பு அறையொன்றில் அகப்பட்டவரை வெளியேறச் செய்யும் புதிராக உலகெங்கும் பரவியது. 2007இல் கியோட்டோ நகரில் தகாவோ காட்டோ, தமது ‘ஸ்கிராப்’ நிறுவனத்தின் வாயிலாக, இதனைத் திரையிலிருந்து மெய்யான அறைக்குக் கொண்டுவந்தார். பின்னர் ஆசிய, ஐரோப்பிய, அமெரிக்க நகரங்களில் இத்தகைய நிலையங்கள் பெருகின. ஸ்காட் நிக்கல்சன் என்னும் அறிஞர் 175 நிலையங்களைப் பற்றிய ஆய்வொன்றை 2015இல் வெளியிட்டார். பெரும்பாலும் ஒரு மணி நேரமே விளையாட்டின் எல்லை என்பதும், உள்ளே சென்ற குழுக்களுள் பாதிக்கும் குறைவானவையே அந்நேரத்துக்குள் வெளிவந்தன என்பதும் அதிலிருந்து அறியக்கிடக்கின்றன. வணிகத்திற்கு இது குறையன்று. தோற்றவர் மீண்டும் கட்டணம் செலுத்தி வருவார். ஆனால் பாதிப்பேர் தோற்கும்படி சமைக்கப்பட்ட வடிவம் ஒன்றை, தேர்வின் அச்சத்தைப் போக்கும் என்று நாம் வகுப்பறைக்குள் அழைத்து வருகிறோம் என்பதை முதலிலேயே மனத்தில் இருத்துதல் நன்று. 2015 வாக்கில் அமெரிக்காவில் ‘பிரேக்அவுட் இடியூ’ என்னும் முயற்சி பெட்டியும் பூட்டுமாக இதனைப் பள்ளிகளுக்கு வழங்கத் தொடங்கியது. 2020இல் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, கூகுள் படிவம் போன்ற எளிய கருவிகளைக் கொண்டே ஆசிரியர்கள் இதனை இணையத்தில் அமைக்கக் கற்றுக்கொண்டனர்.

புதியது என்று கூறினோம். உண்மையில் இதன் எலும்புக்கூடு மிகப் பழையது. அமெரிக்க உளவியலார் சிட்னி பிரெசி 1926இல் விளக்கிய தேர்வுப் பொறியில், சரியான விசையை அழுத்தும்வரை அடுத்த வினா தோன்றாது. சரியாக விடையளித்தவருக்கு இனிப்பு வழங்கும் ஏற்பாடும் அதில் உண்டு. பி. எஃப். ஸ்கின்னர் 1954 முதல் கற்பிக்கும் பொறிகளைப் பற்றி எழுதியதும், அதிலிருந்து படிமுறைப் பாடநூல்கள் பிறந்ததும் கல்வி வரலாறு. இறையியற் கல்விக்கு இது அயலான வரலாறு அன்று. 1963இல் குவாத்தமாலாவில் தொடங்கிய விரிவாக்க இறையியற் கல்வி இயக்கமும், 1971 முதல் பெங்களூரை மையமாகக் கொண்டு ‘டாஃப்டி’ என்னும் பெயரில் நம் நாட்டில் வளர்ந்த பணியும் படிமுறைப் பாடங்களைத் தாராளமாகப் பயன்படுத்தின. ஆயினும் அவ்வியக்கத்தார் ஒன்றை மறக்கவில்லை. வீட்டில் தனியே படிமுறைப் பாடத்தை நிரப்பியவர்கள் குறித்த நாளில் ஒன்றுகூடி, வழிகாட்டியுடன் அமர்ந்து, தாம் நிரப்பியதைப் பற்றி உரையாட வேண்டும். அந்தக் கூடுகையே அக்கல்வியின் உயிர். பூட்டறை விளையாட்டை இன்று இணையத்தில் அமைப்போர் பொறியை எடுத்துக்கொண்டனர், கூடுகையை விட்டுவிட்டனர்.

வடிவத்தை அதன் சொந்த இலக்கணப்படியே முதலில் நோக்குவோம். பூட்டறையில் வைக்கப்படும் ஒவ்வொரு புதிருக்கும் ‘இது ஏன் இங்கே இருக்கிறது?’ என்ற வினாவை எழுப்ப வேண்டும் என்று நிக்கல்சன் பிறிதொரு கட்டுரையில் வலியுறுத்துகிறார். கதைக்கும் புதிருக்கும், புதிருக்கும் அறையின் பொருள்களுக்கும் காரணத் தொடர்பு இருத்தல் வேண்டும் என்பது அதன் கருத்து. இவ்வளவுகோலில் நாம் செய்து பார்த்த தமிழ் விளையாட்டுகள் பெரும்பாலும் தேறவில்லை. அரண்மனை அறையொன்றில் அடைபட்டிருக்கிறோம். சுவரில் தொங்கும் படத்தைத் தொட்டால், ஒளிச்சேர்க்கையின்போது வெளிப்படும் வாயு எது என்று கேட்கிறது. அரண்மனைக்கும் ஒளிச்சேர்க்கைக்கும் என்ன உறவு? இது பழைய வினாத்தாள்தான். மேலே ஒரு படம் போர்த்தப்பட்டிருக்கிறது. இன்னொன்றில், அறையிலுள்ள நாற்காலிகளின் எண்ணிக்கையும் சன்னல்களின் எண்ணிக்கையும் சேர்ந்து நான்கு இலக்கப் பூட்டின் எண்ணாகின்றன. இதில் பாடமே இல்லை. சிறிய கைப்பேசித் திரையில் சன்னலை எண்ண இயலாத கண்பார்வை குன்றியவர் எதில் தோற்றார்? வரலாற்றிலா, அறிவியலிலா? அளக்கவேண்டியதை விட்டு வேறொன்றை அளக்கும் தேர்வு, எவ்வளவு இனிமையாயினும், நேர்மையற்ற தராசு போன்றதே.

கால அளவும் அவ்வாறே. திரையின் ஓரத்தில் ஓடும் கடிகாரம் விளையாட்டுக்கு விறுவிறுப்பூட்டுகிறது என்பர். விரைவு, பாடத்தின் நோக்கங்களுள் ஒன்றாக இருந்தாலன்றி அக்கடிகாரத்துக்கு அங்கு வேலையில்லை. குழுவாக ஆடும்போது வேறொரு சிக்கல் எழுகிறது. ஐவருள் ஒருவர் விரைந்து விடுவிக்க, நால்வர் பார்த்துக்கொண்டிருப்பர். ஐவருக்கும் ஒரே மதிப்பெண். இவை நாடறிந்த குறைகள் ஆதலின் இத்துடன் விடுகிறோம்.

காணாமற்போகிறவர்

மிகக் கடுமையான குறை பலருடைய கண்ணுக்குத் தென்படாதது. எளிய மின்வழிப் பூட்டறைகள் பெரும்பாலும் படிவங்களில் உள்ள ‘விடைச் சரிபார்ப்பு’ என்னும் வசதியைக் கொண்டே அமைகின்றன. குறித்த சொல்லைத் தட்டச்சு செய்தாலன்றிப் படிவம் அடுத்த பக்கத்துக்குப் போகாது. இதன் விளைவை ஆழ்ந்து நோக்க வேண்டும். கற்பவர் மூன்று முறை தவறாக எழுதி நான்காம் முறை சரியாக எழுதினால், ஆசிரியரிடம் வந்து சேர்வது நான்காவது விடை மாத்திரமே. முதல் மூன்றும் எங்கும் பதிவாவதில்லை. எனவே படிவத்தை அனுப்பிய எல்லோரும் எல்லா வினாவுக்கும் சரியான விடையே தந்திருப்பர். பட்டியலைப் பார்க்கும் ஆசிரியர் மகிழ்ந்துபோவார். அனைவரும் நூற்றுக்கு நூறு!

இரண்டாம் பூட்டிலேயே நின்றுபோனவர் என்ன ஆனார்? அவர் கடைசிப் பக்கத்தை எட்டவில்லை. ஆதலால் படிவத்தை அனுப்பவும் இல்லை. அவர் பெயர்கூட ஆசிரியரிடம் வந்து சேர்வதில்லை. பழைய வினாத்தாளில் தோற்றவருக்குப் பன்னிரண்டு மதிப்பெண்ணாவது இருந்தது. அதனைப் பார்த்து, இவருக்கு எது விளங்கவில்லை என்று தேடிச்செல்ல ஆசிரியருக்கு வாய்ப்பிருந்தது. இங்கு, யாருக்காக மதிப்பீடு என்ற ஒன்று வேண்டப்படுகிறதோ அவரே ஏட்டிலிருந்து மறைந்துவிடுகிறார். பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவுலோ பிரெய்ரே, மாணவர் தலையில் செய்திகளைப் போட்டு வைத்துத் தேர்வில் திரும்ப எடுக்கும் முறையை வங்கிமுறைக் கல்வி எனக் கண்டித்தார். ‘ஒடுக்கப்பட்டோரின் கல்விமுறை’ என்னும் அவரது நூல் 1970இல் ஆங்கிலத்தில் வெளிவந்த நாள்தொட்டு இக்கண்டனம் நமக்குப் பழக்கமானதே. வங்கியிலாவது கடன்பட்டவர் பெயர் பேரேட்டில் இருக்கும்.

இக்குறையைத் தவிர்க்க வழி உண்டு. விடை தவறாயினும் படிவத்தை முன்னேற விட்டு, தவறான விடையையும் பதிவு செய்து, வேறொரு கிளைக்குக் கற்பவரை அழைத்துச் செல்லலாம். அங்கு அதே கருத்தை எளிய எடுத்துக்காட்டுடன் சொல்லி மீண்டும் வினவலாம். முயற்சிகளைப் பதிவு செய்யும் செயலிகளும் உண்டு. எத்தனையாம் முயற்சியில், எந்தத் துப்பைக் கேட்டபின், எவ்வகைத் தவறிலிருந்து சரியான விடைக்கு வந்தார் என்ற குறிப்பே மெய்யான மதிப்பீடு. கதவு திறந்ததா என்பது அதன் கடைசி வரி மாத்திரமே.

தமிழ்ப் பூட்டு

ஆங்கிலத்தில் அமைந்த பூட்டறையை அப்படியே தமிழுக்கு மாற்றும்போது எழும் இடர்களைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. பூட்டு, எழுத்துக்கு எழுத்து ஒத்துப்பார்க்கும் இயந்திரம். தமிழோ ஒரு சொல்லை ஒன்றுக்கு மேற்பட்ட வகையில் எழுத இடந்தரும் மொழி. கறுப்பு, கருப்பு, பவளம், பவழம் ஆகிய இணைகளில் இரண்டும் வழக்கில் உள்ளன. புதுக்கோட்டைக்குத் தெற்கே கோட்டையும் குடைவரைகளும் உள்ள ஊரைத் திருமயம் என்றும் எழுதுவர், திருமெய்யம் என்றும் எழுதுவர். பூட்டில் ஒன்றை மாத்திரம் பதித்து வைத்தால், அவ்வூரிலேயே பிறந்து வளர்ந்த பெண்ணொருத்தி தன் ஊர்ப்பெயரைத் தவறாக எழுதினாள் என்று இயந்திரம் தீர்ப்புரைக்கும். விடைக்குமுன் ஓர் இடைவெளி விழுந்தாலும், வல்லெழுத்து மிகுந்தாலும் மிகாவிட்டாலும் கதவு திறவாது.

கண்ணுக்கே தெரியாத இடர்களும் உள. ‘கொ’ என்னும் எழுத்தின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் பதிவு செய்யலாம். கொம்பும் காலுமாக இரு குறியீடுகளாகவும் பதிவு செய்யலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஒருங்குறித் தரம் இவ்விரண்டையும் சமமாகவே கொள்கிறது. ஆனால் சமன்படுத்தாமல் குறியீடுகளை அப்படியே ஒப்பிடும் நிரல் இரண்டையும் வெவ்வேறாகக் கொள்ளும். ஔவையாரின் முதலெழுத்தை ஓரெழுத்தாக அடிப்பவரும் உண்டு; ‘ஒ’ என்பதையும் ‘ள’ என்பதையும் அடுத்தடுத்து அடிப்பவரும் உண்டு. காலையும் ‘ர’ என்னும் எழுத்தையும் மாற்றி அடித்தால், அச்சில் வேறுபாடு தெரிவதே அரிது. ஸ்ரீ என்னும் எழுத்துக்கும் இரு பதிவுமுறைகள் வழக்கில் உள்ளன. இவ்வளவையும் அறியாமல், தமிழ்ச் சொல்லைத் திறவுகோலாக வைத்துப் பூட்டைச் சமைப்பவர், சரியான விடை தந்தவரையே அறைக்குள் அடைத்து வைக்கிறார். அடைபட்டவர் பூட்டைக் குறைகூறமாட்டார். தமது அறிவையே குறைகூறிக்கொள்வார். முதல் தலைமுறையாகக் கற்போர் பலர் தேர்வறையிலிருந்து சொல்லாமல் வெளியேறுவது இப்படித்தான்.

திறவுகோல் எண்ணாக இருந்தால் இத்தொல்லை பெரிதும் குறையும். சொல்லே வேண்டுமெனின், ஏற்கத்தக்க வடிவங்கள் யாவற்றையும் பூட்டில் சேர்க்க வேண்டும். அவ்வடிவங்களைத் தொகுக்கும் பணியை ஒருவரிடம் விடாமல், அம்மாவட்டத்து மக்கள் பத்துப்பேரை எழுதச்செய்து பார்ப்பது நலம். பேச்சால் விடை தருவதற்கும் இடமிருத்தல் வேண்டும்.

புதுக்கோட்டையின் வழி

இனிப் புதுக்கோட்டைக்கு வருவோம். 1974 சனவரியில் தனி மாவட்டமான இப்பகுதி, மழை குறைந்த செம்மண் காடுகளும் கல் குவாரிகளும் கொண்டது. 1988இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கப்பெற்று, 1990இல் கேரளத்தின் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற முதல் மாவட்டமாக அறிவிக்கப்பட்ட பின், அறிவொளி இயக்கம் தமிழ்நாட்டிலும் பரவியது. புதுக்கோட்டையில் 1991ஆம் ஆண்டு மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவுடன் மிதிவண்டி ஓட்டுதலையும் இணைத்தார். எழுதப் படிக்கக் கற்கும் பெண்கள் மிதிவண்டியும் கற்றனர். அதற்கெனப் பாட்டுகள் பிறந்தன. பயிற்சி முகாம்கள் நடந்தன. மிதிவண்டி வாங்க வங்கிக் கடன் கிடைக்க வழிசெய்யப்பட்டது. பெண்களுக்கான மிதிவண்டிகள் போதாதபோது ஆண்கள் ஓட்டும் வண்டியையே பலர் எடுத்துக்கொண்டனர். அதன் முன்கம்பியில் குழந்தையை அமர்த்திச் செல்லலாம் என்பது அவர்கள் கண்ட வசதி. இதழாளர் பி. சாய்நாத் இதனைத் தமது ஆங்கில நூலில் விரிவாக எழுதியதால் உலகெங்கும் அறியப்பட்டது.

இந்த இயக்கத்திலும் தேர்வு இருந்தது என்பதை நாம் மறத்தலாகாது. எழுத்தறிவு இயக்கத்தின் மூன்று பாடநூல்களில் தேர்வுகள் பாடங்களுடனேயே கோக்கப்பட்டிருந்தன. நிமிடத்துக்கு 30 சொற்கள் வாய்விட்டுப் படித்தல், பார்த்து எழுதுவதில் நிமிடத்துக்கு 7 சொற்கள், சொல்லக்கேட்டு எழுதுவதில் 5 சொற்கள், 100 வரை எண்கள் எனத் தர அளவுகள் வரையறுக்கப்பட்டிருந்தன. அளவின்றிக் கற்பித்தல் இயலாது. அளவை நாம் பழிக்கவில்லை. ஆனால் மிதிவண்டிக்கு எவரும் மதிப்பெண் இடவில்லை. விழுந்தவர் எழுந்தார், பின்னால் ஒருவர் இருக்கையைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார், ஒரு நாள் அவர் கையை விட்டுவிட்டதை ஓட்டுபவர் அறியவே இல்லை. அந்த நிலையே தேர்ச்சி. அதன்பின் பேருந்துக்குக் காத்திராமல் சந்தைக்குப் போகலாம், தண்ணீர் சுமக்கலாம், அறிவொளி வகுப்புக்கு இரவில் போய்வரலாம். தேர்ச்சியின் பயன் மறுநாள் காலையிலேயே கைக்கு வந்தது. கல் குவாரிகளின் குத்தகை பெண்கள் குழுக்களுக்கு அளிக்கப்பட்டபோதும் இதே நிலைதான். எத்தனை வண்டிக் கல் போயிற்று, என்ன விலை, யாருக்கு எவ்வளவு பங்கு என்ற கணக்கு அங்கு புதிராக அன்று, கூலியாகவே நின்றது.

பூட்டறை விளையாட்டின் கதையை இதனருகில் வைத்துப் பார்க்க. அறை கற்பனை, அடைப்பும் கற்பனை, வெளியேறிய பின் கிடைப்பதோ ‘வாழ்த்துகள்’ என்ற ஒரு திரை. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின்கீழ் அரசின் விடுதலைச் சான்றுக்காகக் காத்திருந்த குடும்பங்கள் தமிழ்நாட்டுக் குவாரிகளிலும் செங்கற்சூளைகளிலும் பல. அவர்களுடைய பிள்ளைகளுக்கு, அடைபட்டிருத்தலைக் கேளிக்கையாகக் காட்டும் கதை எவ்விதம் ஒலிக்கும் என்று இவ்விளையாட்டுகளை அமைப்போர் எண்ணிப்பார்ப்பதில்லை. கதை மாறவேண்டும் என்பதே நம் முதற் பரிந்துரை. அடைபட்டு வெளியேறும் கதை இன்றியமையாததன்று. துப்பு, திறவு, தொடர்ச்சி ஆகியவையே இவ்வடிவத்தின் பயனுள்ள பகுதிகள்.

புதுக்கோட்டையைப் புகழ்ந்துவிட்டு அமைவதும் திறனாய்வாகாது. 1992இல் முழு எழுத்தறிவு மாவட்டமாக அறிவிக்கப்பட்ட இங்கு, 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவு ஏறத்தாழ 77 விழுக்காடே. இயக்கம் குறித்த வயது வரம்பினரையே கணக்கிட்டது. கணக்கெடுப்பு ஏழு வயதும் அதற்கு மேலும் உள்ள யாவரையும் கணக்கிடுகிறது. எனவே இரண்டையும் நேராக ஒப்பிடுதல் முறையன்று. ஆயினும் கற்றதை மறந்தோர் பலர் என்பதும், தொடர்கல்வி தளர்ந்தது என்பதும் இயக்கத்தில் உழைத்தோர் தாமே கூறியவை. ஒரு நாள் தேர்வில் 30 சொற்களைப் படித்தவர், படிக்க ஏதுமின்றி ஐந்தாண்டு இருந்தால் என்ன ஆவார்? மிதிவண்டியை மறந்தவர் இலர். எழுத்தை மறந்தவர் உளர். 2022இல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்திலும் படித்தல், எழுதுதல், எண்ணறிவு ஆகிய மூன்றுக்கும் தலா 50 மதிப்பெண் எனத் தேர்வு அமைந்துள்ளது. ஒரு நாளை மாத்திரம் அளக்கும் தேர்வு பற்றி மேலே கூறியது அதற்கும் பொருந்தும்.

நம் ஊர்ப் புதிர்கள்

புதிரை நாம் ஜப்பானிலிருந்து இரவல் வாங்கவேண்டிய நிலையில் இல்லை. விடுகதை போடும் பாட்டியின் முறையைக் கவனிக்க. அவர் கடிகாரம் வைப்பதில்லை. விடை தெரியாவிட்டால் இன்னொரு துப்புத் தருவார். தோற்றுவிட்டேன் என்று பேரன் ஒப்புக்கொண்டால் தாமே விடையைச் சொல்லி, ஏன் அப்படி என்றும் விளக்குவார். அடுத்த நாள் அதே விடுகதையைப் பேரன் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் போடுவான். தோற்றவன் கேட்பவனாக மாறும் இந்த மாற்றம் எந்த மின்வழிப் பூட்டறையிலும் நாம் காணாதது.

ஆடுபுலி ஆட்டத்தையும் நோக்குக. 23 புள்ளிகள், 3 புலிகள், 15 ஆடுகள். கோயில் மண்டபத் தளங்களில் இதன் கோடுகள் கீறப்பட்டிருக்கக் காணலாம். புலிகள் நகர வழியின்றி அடைபட்டால் ஆடுகளுக்கு வெற்றி. வலியவரை எளியோர் கூடி நின்று பூட்டும் விளையாட்டு இது. கூட்டாகச் சிந்திக்கும் திறனை அளக்க விரும்புவோர் இதிலிருந்து தொடங்கலாமே.

குடுமியான்மலையை இங்கு குறிப்பிடாமல் மேற்செல்ல மனம் வரவில்லை. அங்குள்ள குடைவரையை அடுத்த பாறையில் ஏழாம் நூற்றாண்டைச் சார்ந்த பல்லவ கிரந்த எழுத்தில், ஏழு பகுதிகளாகச் சுரங்கள் நான்கு நான்காகப் பொறிக்கப்பட்டுள்ளன. உருத்திராசாரியரின் மாணாக்கனான அரசன் ஒருவன் தன் மாணாக்கரின் நலனுக்காக இதனை இயற்றினான் என்று கல்வெட்டே கூறுகின்றது. 1904இல் இது கண்டறியப்பட்டது. கல்லில் வெட்டிய பாடநூல் என்றே இதனைச் சொல்லலாம். ஒரு சுரத்துக்கே அ, இ, உ, எ என உயிர்கள் மாறி வருவதன் பொருளைப் பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு நீடிக்கிறது. எழுத்து முழுமையாக உள்ளது. அதைப் பாடிக்காட்டிய ஆசிரியரும் உடனிருந்து பாடிய மாணாக்கரும் இல்லை. விளக்குபவரின்றி விடப்பட்ட பாடம் பூட்டாகிவிடும் என்பதற்கு இதனினும் பெரிய சான்று நம் மாவட்டத்தில் இல்லை.

அமைக்கத்தக்கது எது?

எதிர்த்துரைத்தல் எளிது என்பர். ஆகவே நாம் கருதும் அமைப்பொன்றைச் சுருக்கமாகவேனும் காட்டுதல் கடமை. வயதுவந்தோர் எழுத்தறிவுக்கென ஒரு விளையாட்டை எண்ணிக்கொள்வோம். அறை வேண்டாம், ஒரு பயணம் போதும். வடகாட்டிலிருந்து ஒருவர் பலாப்பழம் ஏற்றிக்கொண்டு புதுக்கோட்டைச் சந்தைக்குப் புறப்படுகிறார். பேருந்தின் பெயர்ப்பலகையைப் படித்து, ஆலங்குடி வழியாகச் செல்வது எது எனத் தேர்ந்தெடுக்கிறார். சந்தையில் எடைச்சீட்டில் உள்ள கிலோவையும் விலையையும் பெருக்கிப் பார்க்க, வியாபாரி எழுதிய தொகையில் குறைவு இருக்கிறது. எவ்வளவு குறைவு என்பதே அடுத்த பக்கத்தின் திறவெண். மருந்துச்சீட்டில் ‘உணவுக்குப் பின்’ என்றிருப்பதைப் படித்து மருந்தைப் பிரிக்கிறார். மகளிர் குழுவின் கடன் பதிவேட்டில் தமது பெயருக்கு நேரே உள்ள தொகையைச் சரிபார்க்கிறார். இவற்றுள் எதற்கும் ‘இது ஏன் இங்கே?’ என்று கேட்கத் தேவையில்லை.

எடைச்சீட்டில் தவறியவரை நிறுத்தி வைக்காமல், அவர் எழுதிய தொகையைப் பதிவு செய்துகொண்டு, பெருக்கலில் தவறினாரா, இடமதிப்பில் தவறினாரா என அறியும் இன்னொரு சீட்டை அவருக்குக் காட்ட வேண்டும். துப்புக் கேட்டவருக்கு மதிப்பெண் குறைதலாகாது. துப்புக் கேட்கத் தெரிதலும் கற்றலே. கடிகாரம் வேண்டாம். வீட்டுக்கு ஒரு கைப்பேசி, அதுவும் மாலையில் மகன் வந்தபின்தான் கிடைக்கும் என்னும் நிலையில், பாதியில் நிறுத்தி மறுநாள் தொடரும் வசதி இன்றியமையாதது. இணையமின்றி நடக்கும்படி இதே விளையாட்டைத் தாளிலும் உறைகளிலும் அமைத்தல் அதனினும் நன்று. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022 முதல் நடைபெறும் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் எனக் குழந்தைகளை நிலைவாரியாகப் பிரித்து ஆடலும் பாடலுமாகக் கற்பிக்கின்றனர். அட்டைகளைக் கொண்டே பல செயல்கள் அங்கு நடைபெறுகின்றன. விலையுயர்ந்த கருவி எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை.

இவ்விளையாட்டு முடிந்தபின் அரைமணி நேரமேனும் உரையாடல் வேண்டும். வியாபாரி ஏன் குறைத்து எழுதினார்? இதற்கு முன் உங்களுக்கு அப்படி நேர்ந்ததுண்டா? பெருக்கத் தெரிந்தபின் அவரிடம் என்ன கேட்பீர்கள்? இவ்வினாக்களுக்குப் பூட்டு வைக்க இயலாது. தேர்ச்சியையும் சான்றிதழையும் இவ்விளையாட்டுடன் பிணைத்தலும் கூடாது என்பது நம் துணிபு. வளரறி மதிப்பீட்டில் அது நல்ல துணைவன். தொகுத்தறி மதிப்பீட்டில் அநீதிக்கே வழிவகுக்கும்.

தொலைநிலையில் பயிலும் நம் ஊழியர்களுக்கு இதனை அமைக்க விழைவோரும், கேள்விகளைத் தாங்களே நகர அலுவலகத்திலிருந்து எழுதி அனுப்பாமல், அறந்தாங்கியிலும் கீரனூரிலும் மணமேல்குடிக் கடற்கரையிலும் பணிபுரிவோரையே எழுதச் சொல்லலாம். ஒரு குழுவினர் எழுதிய பயணத்தை அடுத்த குழுவினர் ஆடிப்பார்க்கட்டும். எங்கே அவர்கள் நின்றுபோகிறார்கள் என்பதை எழுதியவர்கள் அருகிருந்து பார்க்கட்டும். முதல் முறையில் பாதிக்கு மேற்பட்டோர் ஒரே இடத்தில் நின்றுபோனால், அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதவேண்டியவர்கள் அவர்களே.